காலட்சேபம் என்றால் என்ன? முதுமையில் தொடங்கும் ஒரு வைணவப் படிப்பு

பணி ஓய்வு பெற்ற ஒருவர் கையில் துணிப்பையுடன் மாலையில் வெளியே கிளம்பினால், "எங்கேயோ காலட்சேபம் கேட்கப் போகிறார், பாவம், பொழுது போக வேண்டாமா" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். சிலர் அதைப் புண்ணியம் சேர்க்கும் முயற்சி என்பார்கள். இப்போது இன்னொரு விளக்கமும் புழக்கத்தில் இருக்கிறது: வயதான காலத்தில் மூளை மழுங்காமல் இருக்க இது நல்ல பயிற்சியாம். இந்த மூன்று விளக்கங்களையும் கேட்டுக்கொண்டே பல ஆண்டுகளாக அப்படி ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து வருகிறேன். மூன்றுமே விஷயத்தைத் தொடவில்லை என்பதால், இந்தப் படிப்பு என்ன, அது எப்படி நடக்கிறது, அறுபது வயதுக்குமேல் ஒருவர் அதை ஏன் சமயக் கடமையாகவே கருதுகிறார் என்பதை முன்பின் அறியாதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுத முயல்கிறேன்.

தேய்ந்துபோன ஒரு சொல்

காலம், க்ஷேபம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது காலக்ஷேபம். காலத்தைக் கழித்தல் என்று பொருள். பேச்சுவழக்கில் இது பிழைப்பைக் குறிக்கும். "ஏதோ காலட்சேபம் நடக்கிறது" என்று ஒருவர் சொன்னால், வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமாக இருக்கிறது என்று புரிந்துகொள்கிறோம். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரால் தமிழ்நாட்டில் புகழ்பெற்ற கதாகாலட்சேபம் வேறு. அது பாட்டும் கதையும் கலந்த மேடைக் கலை. ஸ்ரீவைஷ்ணவர்கள் வெறுமனே "காலட்சேபம்" என்று சொல்லும்போது இவை இரண்டையும் குறிப்பதில்லை. ஆசாரியர் ஒருவரிடம் அமர்ந்து, ஒரு சமய நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொருளுடன் பாடம் கேட்பதையே அவர்கள் அப்படி அழைக்கிறார்கள்.

படிப்புக்கு "நேரத்தைக் கழித்தல்" என்று ஏன் பெயர் வைத்தார்கள்? விடை திருமழிசை ஆழ்வாரின் நான்முகன் திருவந்தாதியில், 63ஆம் பாசுரத்தில் இருக்கிறது. தாம் எப்படி உயிர் தரித்திருந்தேன் என்று சொல்லவரும் ஆழ்வார், "தெரித்தெழுதி வாசித்தும் கேட்டும் வணங்கி வழிபட்டும் பூசித்தும் போக்கினேன் போது" என்று முடிக்கிறார். போது என்றால் பொழுது. அந்த வரியில் ஏழு செயல்கள் வருகின்றன. தெரித்தல், எழுதுதல், வாசித்தல், கேட்டல் என்ற முதல் நான்கும் படிப்பு. வணங்குதல், வழிபடுதல், பூசித்தல் என்ற பின் மூன்றும் வழிபாடு. கோயிலுக்குப் போவதற்கு முன்னால் படிப்பை வைத்து எண்ணும் இந்த வரிசையைக் கவனித்த நாளில் எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது.

"போக்கினேன் போது" என்பதை அப்படியே வடமொழியில் சொன்னால் காலக்ஷேபம். இன்றைய தமிழில் சொன்னால் பொழுதுபோக்கு. இரண்டு சொற்களுமே இன்று தம் எடையை இழந்து நிற்கின்றன என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

சுருக்கமாக: காலட்சேபம் என்பது ஒரு நூலை ஆசாரியரிடம் முழுமையாகப் பாடம் கேட்பது, அந்தப் பெயர் ஆழ்வார் தம் பொழுதைக் கழித்த முறையோடு பொருந்தி நிற்பது.

கச்சேரியும் பாட்டு வகுப்பும்

கோயில் மண்டபத்திலும் சபாவிலும் நடக்கும் உபன்யாசத்தைக் காலட்சேபம் என்று நினைப்பவர்கள் பலர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கச்சேரிக்கும் பாட்டு வகுப்புக்கும் உள்ள வேறுபாடுதான். கச்சேரியில் என்ன பாடுவது என்பதைப் பாடகர் முடிவு செய்கிறார். கேட்பவர் நடுவில் வரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வகுப்பில் சரளி வரிசை முடிந்தால்தான் ஜண்டை வரிசை; நேற்று நின்ற இடத்திலிருந்துதான் இன்று தொடங்க வேண்டும். உபன்யாசகர் கேட்பவர்களைப் பார்த்துப் பேசுகிறார். காலட்சேபம் சாதிப்பவரோ, அதாவது பாடம் சொல்பவரோ, நூலைப் பார்த்துப் பேசுகிறார், கேட்பவர்களும் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் வகுப்பு இப்படி நடக்கும். முதலில் எல்லோரும் சேர்ந்து தனியன்களைச் சொல்வார்கள். தனியன் என்பது நூலையோ அதை இயற்றியவரையோ ஆசாரியரையோ போற்றும் தனிச் செய்யுள். இந்தப் பாடம் யார் யார் வழியாக நம்மிடம் வந்தது என்பதைத் தினமும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளும் ஏற்பாடு. பிறகு மூல நூலின் ஒரு பாசுரம் வாசிக்கப்படும். அடுத்து, அந்தப் பாசுரம் முன்னதிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்று சொல்லும் முன்னுரை வரும். இதற்கு அவதாரிகை என்று பெயர். அதன் பின்னரே பாசுரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் விரிவுரை, அதாவது வியாக்கியானம், வாசிக்கப்பட்டு விளக்கப்படும். இவை பெரும்பாலும் மணிப்பிரவாளத்தில், தமிழும் வடமொழியும் கலந்த நடையில் இருப்பதால், பழக்கமில்லாதவர்களுக்கு முதல் சில மாதங்கள் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது.

பெரும்பாலோர் கேட்க விரும்புவது நம்மாழ்வாரின் திருவாய்மொழியை. 1102 பாசுரங்கள் கொண்ட அந்த நூலுக்குப் பழைய விரிவுரைகள் ஐந்து இருக்கின்றன. அவற்றை அளவாலேயே பெயரிட்டிருக்கிறார்கள். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று அவை வளர்ந்துகொண்டே போகும். இங்கே படி என்பது 32 எழுத்துகள் கொண்ட ஓர் அளவு. நம்பிள்ளை என்ற ஆசாரியர் திருவரங்கத்தில் சொன்ன பாடத்தை அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்ததே முப்பத்தாறாயிரப்படி. இதைத்தான் ஈடு என்கிறார்கள். இன்று நடக்கும் வகுப்புகள் பலவற்றில் கையில் இருக்கும் புத்தகம் அதுதான்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் இந்தப் பாடத்தின் போக்கு விளங்கும். திருவாய்மொழியின் முதல் பாசுரத்தில் "மயர்வற மதிநலம் அருளினன்" என்று வருகிறது. மயர்வு என்றால் அறியாமை. அது நீங்கும்படி மதிநலத்தைத் தந்தான் என்கிறார் ஆழ்வார். மதிநலம் என்பது என்ன? மதி என்றால் ஞானம், நலம் என்றால் பக்தி, இரண்டையும் தந்தான் என்று முன்னோர் பலர் பொருள் கொண்டார்கள். பராசர பட்டர் என்ற ஆசாரியர் அதை இரண்டாகப் பிரிக்கவில்லை. முளைக்கும்போதே வயிரம் பற்றி முளைத்த மரம்போல, பக்தியாகவே கனிந்த ஞானம் ஒன்றைத் தந்தான் என்று அவர் சொன்னதாக ஈடு பதிவு செய்கிறது. வயிரம் என்பது முற்றிய மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி. சாதாரண மரத்துக்கு அது உண்டாகப் பல காலம் ஆகும். இப்படி ஓர் ஆசாரியர் ஒரு சொல்லுக்குச் சொல்லும் தனிப் பொருளுக்கு நிர்வாகம் என்று பெயர். அலுவலகத்தில் நாற்பது ஆண்டுகள் நிர்வாகம் செய்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சொல் இங்கே வேறு வேலை பார்ப்பது முதலில் சிரிப்பை வரவழைக்கும்.

எங்கள் வகுப்பில் மதிநலம் என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு முழு மாலை செலவானது. இரண்டு பொருள்களில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், இரண்டையும் வைத்துக்கொண்டு ஆசாரியர் அடுத்த சொல்லான "அருளினன்" என்பதற்கு நகர்ந்தார். ஆழ்வார் உழைத்துப் பெற்றதாகச் சொல்லவில்லை, அவன் அருளியதாகச் சொல்கிறார் என்றார். இந்தப் படிப்பு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கான திறவுகோல் அந்த ஒரு சொல்லில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சுருக்கமாக: தனியன், மூலம், அவதாரிகை, வியாக்கியானம், அதற்குள் வரும் நிர்வாகங்கள் என்ற ஒழுங்கில் ஒரு நூல் விடாமல் ஓதப்படுவதே காலட்சேபம். தலைப்பை வைத்துக்கொண்டு பேசும் சொற்பொழிவு அது அன்று.

உறுதியான டிக்கெட்

இனி முக்கியமான கேள்விக்கு வரலாம். இப்படிப் படிப்பதால் என்ன கிடைக்கும்?

எழும்பூர் ரயில் நிலையத்தில் இரவு வண்டிக்காக இரண்டு பேர் காத்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஒருவருடைய டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. அவர் பரிசோதகரைத் தேடுவார், கைபேசியை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பார், பதற்றமாகவே இருப்பார். இன்னொருவருக்கு இருக்கை உறுதியாகிவிட்டது. வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் எதைச் செய்தாலும் அவருடைய இருக்கை கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை. ஆனால் அவர் போகிற ஊரில் யாருக்காகப் போகிறாரோ அவரைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பார். பேசாமல் இருக்க அவரால் முடியாது.

ஸ்ரீவைஷ்ணவக் கொள்கையின்படி, இறைவனிடம் அடைக்கலம் புகுந்தவர் இந்த இரண்டாவது பயணி. அடைக்கலம் புகுதலைச் சரணாகதி அல்லது பிரபத்தி என்பார்கள். தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை இறைவனிடம் விட்டவருக்கு இந்தப் பிறவியின் முடிவில் வீடுபேறு உறுதி என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காக அவர் இனிச் செய்ய வேண்டியது எதுவும் மீதமில்லை. அப்படிப்பட்டவரைக் கிருதகிருத்தியர், அதாவது செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவர், என்று அழைக்கிறார்கள். வேதாந்த தேசிகர் 32 அதிகாரங்களில் இயற்றிய ரகசியத்திரயசாரத்தில் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். சற்றுத் தள்ளி இன்னோர் அதிகாரமும் இருக்கிறது: உத்தரகிருத்தியம், அதாவது எல்லாம் முடிந்த பிறகு செய்வது. சரணாகதியின் நுட்பங்களில் ஸ்ரீவைஷ்ணவத்தின் இரு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் வேறுபாடுகள் உண்டு. நம் கேள்விக்கு அவை தேவையில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் உடம்பு இருக்கிறது. அது விழும்வரை நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடையாக வருவதுதான் காலட்சேபம். எனவே அது வீடுபேற்றுக்குக் கட்டும் தவணை ஆகாது. புண்ணியக் கணக்கில் வரவு வைப்பதும் ஆகாது. ஏற்கெனவே பெற்றுவிட்டதாக நம்பும் ஒன்றை, பெற்றவன் உட்கார்ந்து சுவைத்துப் பார்ப்பது. இதை அவர்கள் அனுபவம் என்ற சொல்லால் குறிப்பிடுகிறார்கள். வேலை அனுபவம் என்று சொல்லும் பொருளில் அல்ல, துய்த்தல் என்ற பொருளில்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதற்குக் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். அதுவரை அவர்கள் படித்த படிப்பெல்லாம் ஏதோ ஒன்றுக்காகப் படித்தது: மதிப்பெண், வேலை, துறைத் தேர்வு, பதவி உயர்வு. ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகு எதைப் படித்தாலும் அது ஒரு ரூபாய்கூட உயராது. பலருக்கு அந்த நிலை வெறுமையாகத் தெரிகிறது. காலட்சேபக் கூடத்திலோ அதுவே சேர்வதற்கான சரியான மனநிலை. மூளைக்குப் பயிற்சி என்ற விளக்கத்தோடு எனக்குள்ள சண்டையும் இங்கேதான் இருக்கிறது. அப்படிப் பயன் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பயனை எதிர்பார்க்காமல் செய்யும் ஒரே படிப்பையும் பயன் கணக்கில் எழுதிவைப்பது, விருந்துக்குப் போய்விட்டு வந்து எத்தனை கலோரி கிடைத்தது என்று சொல்வதைப் போன்றது.

சுருக்கமாக: சரணாகதி செய்தவருக்கு எதையும் அடைய இந்தப் படிப்பு தேவையில்லை. எஞ்சிய காலத்தைக் கழிக்கும் முறையாகவே அவர் படிக்கிறார்.

"நினைவில் நிற்கவில்லையே"

வயதானவர்கள் சேரத் தயங்குவதற்கு முதல் காரணம் மறதி. எங்கள் வகுப்பில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் ஒருநாள் எழுந்து, "சுவாமி, போன வாரம் சாதித்தது எதுவும் அடியேனுக்கு நினைவில் நிற்கவில்லை" என்று கலங்கிப்போய்ச் சொன்னார். ஆசாரியர் நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் அங்கிருந்தே தொடங்குவோம்" என்று சொல்லி, நான்கு பக்கம் பின்னால் திருப்பி, முழுவதையும் மறுபடி வாசித்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்கும் அந்த நான்கு பக்கம் மறந்துதான் போயிருந்தது.

தேர்வு இல்லாத படிப்பில் மறதி தோல்வியாகாது. மறந்தவர் மறுபடி கேட்கிறார், அவ்வளவுதான். உடலும் மனமும் தளர்வதை இந்த மரபு முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இராமானுசர் கடைசியாகச் சீடர்களுக்குச் சொன்னதாகக் குருபரம்பரை நூல்கள் தரும் ஓர் அறிவுரை சான்று. பிரம்மசூத்திரத்துக்கு நான் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தைக் கற்றுக் கற்பித்துக் காலம் கழியுங்கள். அது முடியாதவர்கள் ஆழ்வார்களின் அருளிச்செயலை, அதாவது பாசுரங்களை, கற்றுக் கற்பியுங்கள். அதுவும் முடியாவிட்டால் திருத்தலங்களில் அமுதுபடி, சாத்துப்படி, திருவிளக்கு, திருமாலை போன்ற தொண்டுகளைச் செய்யுங்கள். அதற்கும் இயலாதவர்கள் திருநாராயணபுரத்தில் ஒரு குடிலைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதுவும் ஆகாதென்றால் சரணாகதியைச் சொல்லும் துவய மந்திரத்தின் பொருளைச் சிந்தியுங்கள். அதற்கும் வலுவில்லாதவர்கள், நல்ல வைணவர் ஒருவர் "இவன் நம்மவன்" என்று அபிமானிக்கும்படி அவரை அண்டி வாழுங்கள்.

கடினமான வேதாந்த நூலில் தொடங்கி, ஒருவருடைய அன்புக்குள் இருந்தாலே போதும் என்ற இடத்தில் முடியும் ஏணி இது. ஒவ்வொரு படியிலும் இறங்குவதற்கு இடம் இருக்கிறது. விழுவதற்கு இடம் இல்லை. கண் தெரியாமல் போனவர் கேட்கலாம், காது மந்தமானவர் உடன் உட்கார்ந்திருக்கலாம்.

பிற்கால ஆசாரியரான மணவாள மாமுனிகள் வாழ்வில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. ஆசாரிய இருதயம் என்ற நூலுக்கு அவர் உரை எழுதியபோது உடல் மிகவும் நலிந்திருந்தது. இவ்வளவு வருத்திக்கொண்டு ஏன் எழுத வேண்டும் என்று சீடர்கள் கேட்டதற்கு, உங்கள் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன் என்றாராம். அதே மாமுனிகள் திருவரங்கத்தில் ஓராண்டு ஈட்டுக் காலட்சேபம் நடத்தியபோது, பெருமாளே தம் உற்சவங்களை நிறுத்திவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார் என்பது மரபு. வயதில் யாரைவிடவும் மூத்தவராகச் சொல்லப்படுபவரே மாணவராக அமர்ந்தார் என்று நம்பும் ஒரு சமூகத்தில், அறுபத்தைந்து வயதுக்காரர் வகுப்புக்குப் போகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதிகாரி மாணவரான கதை

உயர்ந்த பதவியில் இருந்தவருக்கு மறதியைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. இன்னொருவர் முன்னால் தெரியாதவராக உட்கார வேண்டும். திருமலையாழ்வார் என்பவரின் கதை இதைப் பற்றியது. பிள்ளை லோகாசாரியர் என்ற ஆசாரியரின் தொடர்பு சிறுவயதிலேயே கிடைத்தும், அவர் மதுரை அரசில் பொறுப்பான பதவிக்குப் போய் அதிலேயே மூழ்கிவிட்டார். அவரை மீட்டுக்கொண்டுவரும்படி லோகாசாரியர் தம் இறுதிக் காலத்தில் கூரகுலோத்தம தாசர் முதலானோரிடம் சொல்லிச் சென்றார்.

தாசர் மதுரைக்குப் போனார். பல்லக்கில் வந்த அதிகாரியின் காதில் விழும்படி நம்மாழ்வாரின் திருவிருத்தப் பாசுரத்தை ஓதினார். அதிகாரி பொருள் கேட்டபோது தாசர் உமிழ்ந்தார் என்கிறது கதை. காவலர்கள் பாய்ந்தார்கள், அதிகாரி தடுத்துவிட்டார். பிறகு பாடம் தொடங்கியது. ஓய்ந்த நேரம் எது என்று பார்த்ததில், காலையில் அவர் திருமண் இட்டுக்கொள்ளும் நேரம்தான் அகப்பட்டது. தாசர் தினமும் அந்த நேரத்துக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் அரசு வேலையால் பாடம் தவறியது. மறுநாள் தாசர் வரவில்லை. அதிகாரி தேடிப் போய்க் கெஞ்ச வேண்டியதாயிற்று. நாளடைவில் அவர் பதவியை விட்டார், ஆழ்வார்திருநகரியில் தங்கினார், திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயர் பெற்றார். மணவாள மாமுனிகள் பாடம் கேட்டது இவரிடம்தான்.

அந்தத் திருமண் நேரப் பாடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஓய்வு பெற்ற பிறகு படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் அலுவலருக்கும், ஒரு நாளைத் தவறவிட்டதற்காக வராமல் நின்ற ஆசிரியருக்கும் நடுவில் நடந்த இழுபறி அதில் முழுவதுமாக இருக்கிறது.

யார் சேரலாம்

இந்தப் பகுதியைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். சில நூல்களைக் கேட்பதற்கு முன் சமாச்ரயணம் என்ற தீட்சை தேவை என்பார்கள். தோள்களில் சங்கு சக்கரப் பொறி ஒற்றிக்கொள்வது அதன் ஒரு பகுதி. ஸ்ரீபாஷ்யம் போன்ற நூல்களில் பிறப்பையும் பாலினத்தையும் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. திருக்கோட்டியூரில் இராமானுசர் மறைபொருளை எல்லோருக்கும் வெளியிட்டார் என்று பெருமையோடு சொல்லும் அதே கூடங்களில் இது நடப்பது எனக்கு உடன்பாடில்லை. பாசுரங்களுக்கும் அவற்றின் உரைகளுக்கும் கதவு பெரும்பாலும் விரிவாகவே திறந்திருக்கிறது. 2020 ஊரடங்கின்போது பல வகுப்புகள் ஜூம் வழியாக நடக்கத் தொடங்கின. படி ஏற முடியாதவர்களும் வெளிநாட்டில் பிள்ளைகளோடு தங்கியிருப்பவர்களும் அதனால் சேர்ந்தார்கள். ஆசாரியர் எதிரில் இல்லாத பாடம் பாடமாகுமா என்று பெரியவர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் ஜூமிலேயே.

மூன்று தேதிகள்

ஒரு வகுப்புக்கு ஒரு பாசுரம் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒரு வகுப்பு நடக்கும் இடத்தில் 1102 பாசுரங்களை முடிக்க 21 ஆண்டுகளுக்குமேல் ஆகும். வாரம் இரண்டு நடந்தால் ஏறக்குறைய 11 ஆண்டுகள். எங்கள் வகுப்பு இரண்டாவது வகை.

எனக்கு முன்வரிசையில், முழங்கால் மடங்காததால் தூணை ஒட்டி நாற்காலியில் உட்காருபவர் ஒருவர் உண்டு. ரயில்வேயில் இருந்து 2001இல் ஓய்வு பெற்றவர். முதுகு பிரிந்து, அகல ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய ஈட்டுப் புத்தகம் அவருடையது. ஒவ்வொரு நாளும் பாடம் நிற்கும் வரிக்கு எதிரே ஓரத்தில் தேதியை எழுதிக்கொள்வது அவர் வழக்கம். வண்டி நின்ற இடத்தைக் குறித்த கை அது. ஒரு தரம் என் புத்தகம் வீட்டில் தங்கிவிட, அவருடையதை எட்டிப் பார்த்தேன். பல வரிகளுக்கு எதிரே இரண்டிரண்டு தேதிகள் இருந்தன. 2001இல் தொடங்கியவை நீல மையில், அழுத்தமான எழுத்தில். அடுத்த சுற்றின் தேதிகள் பென்சிலில், கொஞ்சம் சாய்ந்து.

இரண்டாம் சுற்றின் சாற்றுமுறை, அதாவது நூல் நிறைவு, 2023இல் நடந்தது. நிறைவுப் பாசுரங்களை இரண்டு முறை ஓதி முடித்த கையோடு, வழக்கப்படி ஆசாரியர் முதல் பக்கத்தைத் திருப்பி, "உயர்வற உயர்நலம்" என்று மறுபடி தொடங்கினார். அப்போது அந்த ரயில்வேக்காரருக்கு வயது 82. அவர் ரப்பர் பட்டையைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனார். முதல் பாசுரத்துக்கு எதிரே ஓரத்தில் இடம் தீர்ந்துபோயிருந்தது. சற்று நேரம் தேடிவிட்டு, பக்க எண்ணுக்குக் கீழே மூன்றாவது தேதியை எழுதினார்.